வெள்ளை விளிம்பு

ஆயம்மாள்: நான் வெட்டி முப்பத்தொம்பது நாளு ஆவுது, மருமவளே. உன் ரப்பர் செடி இன்னும் மொட்டக் குச்சியாத்தான் நிக்குது.

எழில்மதி: நல்லா பாருங்க அத்த. நுனியில செவப்பா…

ஆயம்மாள்: மொளகாயாட்டம் இருக்குதே, அதுவா?

எழில்மதி: அது ஒற. உள்ள எல சுருண்டுகினு இருக்கு. இன்னிக்கிப் பிரிஞ்சிடும்.

ஆயம்மாள்: எல வந்தா மட்டும் போதாது. நம்ம பேச்சு இன்னா?

எழில்மதி: எலயில வெள்ள இருந்தா மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி இருக்கற எடம் எனக்கு. நர்சரி போடுவேன்.

ஆயம்மாள்: வெறும் பச்சையா வந்தா?

எழில்மதி: நர்சரி பேச்ச வுட்டுட்டு… மரவள்ளிக்குக் களையெடுக்க வருவேன்.

ஆயம்மாள்: காதுல வுழல.

எழில்மதி: வருவேன்! ஓரமெல்லாம் வெள்ளையா எவ்ளோ அழகா இருந்த செடி… ஒரே வெட்டா தலைய வெட்டிட்டு…

ஆயம்மாள்: மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? மரவள்ளி எல அப்டித் திட்டுத் திட்டா வெளுத்தா தேமல் நோயி. பக்கத்துச் செடிக்குத் தொத்தறதுக்குள்ள வெட்டிப் போடுவோம். கை பழகிட்சி.

எழில்மதி: வூட்டுக்குள்ள தொட்டியில நிக்கற செடியக் கூடவா?

ஆயம்மாள்: வெளுத்துப் போன எலயத்தான் சங்கராபுரத்துல தேடித் தேடி வாங்கறாங்கன்னு நான் கண்டனா?

எழில்மதி: நோயி இல்ல அத்த, அதோட பொறவியே… ஐயோ, ஒற கழலுது!

ஆயம்மாள்: தள்ளு, நான் பிரிக்கறேன்.

எழில்மதி: தொடாதீங்க! கிழிஞ்சிடும்.

ஆயம்மாள்: … பச்ச.

எழில்மதி: இருங்க.

ஆயம்மாள்: பச்சதான்டி. முழுசா பச்ச.

எழில்மதி: ஓரம் இன்னும் உள்ள மடிஞ்சிகினு இருக்கு. கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

ஆயம்மாள்: நீ பாத்துகினே இரு. நான் சோத்த எறக்கி வச்சிட்டு, உனக்கு ஒரு களக்கொத்தும் எடுத்தாறேன்.

எழில்மதி: மெதுவா… இன்னும் கொஞ்சம் பிரிஞ்சி வா கண்ணு… அத்த! அத்த! சோறு கெடக்கட்டும், ஓடியாங்க!

ஆயம்மாள்: இன்னா… எங்க… அட! ஓரமெல்லாம் வெள்ள! ரோஸு வேற கலந்துகினு!

எழில்மதி: ஜெயிச்சிட்டேன்! நான் ஜெயிச்சிட்டேன்!

ஆயம்மாள்: அடியே, உனக்கு இவ்ளோ சத்தம் வருமா? கல்யாணம் ஆயி ஒரு வருசத்துல இன்னிக்கித்தான் கேக்கறேன்.

எழில்மதி: எடம்?

ஆயம்மாள்: சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கோ. ஆனா ஒத்தச் செடிய வச்சிகினு இன்னாடி நர்சரி போடுவ?

எழில்மதி: … ஒத்தச் செடி இல்ல அத்த.

ஆயம்மாள்: பின்ன?

எழில்மதி: நீங்க வெட்டிப் போட்டத அன்னிக்கே கணுக் கணுவா ஆறு துண்டா நறுக்கி, கொட்டாய்க்குப் பின்னாடி சாக்கு மறைப்புல நட்டுட்டேன். ஆறும் வேர் வுட்டுட்சி.