முதுகில் ஐந்து அடி

அரியலூரிலிருந்து குன்னம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்கள் இருவரும் குழந்தையை அடிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்றே முதலில் நம்பினேன். போலீசுக்குப் போன் போடலாமென்று பதறிக் கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கின் மேலேயே இருந்தது.

"முதுகுல அஞ்சு அடி," என்றாள் மூத்தவள், மடியில் சுருட்டிய துண்டைத் தட்டி.

"பச்சப் புள்ளையவா அண்ணி?"

"ஏதாச்சும் தொண்டையில அடைச்சு, இருமலும் அழுகையும் வராதப்பதான். முன்கையில குப்புறப் போட்டு, தலைய தாழ வச்சு அடிக்கணும். அடைச்சது வெளிய வரலன்னா திருப்பிப் போட்டு, நடுநெஞ்சுல ரெண்டு விரலால அஞ்சு அமுக்கு."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"வெங்காயம் அரியிற கொட்டாய்க்கே நர்சம்மா வந்தாங்க. சோறு திங்கிற நேரத்துல சொல்லிக்குடுத்தாங்க. வகுப்ப டவுன்ல வச்சிருந்தா நான் எங்க போறது?"

"எங்க வூட்ல உச்சந்தலையில தட்டித் தண்ணி ஊத்துவாங்க. என் பயலும் இப்ப தவழுறான்."

"எம் பாப்பாவுக்கு அடைச்சப்ப உங்கண்ணனும் தண்ணிச் சொம்போடதான் ஓடியாந்தாரு. புடுங்கி வச்சுட்டு அடிச்சேன். நாலாவது அடியில மக்காச்சோளம் தரையில வுழுந்துச்சு. அப்பறந்தான் பாப்பா அழுதா."

இளையவள் துண்டை வாங்கித் தன் முன்கையில் குப்புறப் போட்டாள். குன்னம் வரும்வரை எண்ணி எண்ணி அடித்துப் பழகினாள்.