ஏப்ரல் மூன்றாம் தேதி பேசிய டெலிபோன்

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 23, திங்கட்கிழமை, காலை 10.20 மணிக்குக் கார்ப்பரல் அழகேசன் கேட்க நான் சொன்னது. நான் தமிழில் சொன்னேன், அவர் தமிழிலேயே எழுதினார். பிறகு மலாயில் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

என் பெயர் நாகமணி த/பெ முத்துக்கறுப்பன். வயது 44. புக்கிட் ரோத்தான் அருகே பிளாக்மூர் தோட்டம், மேல் டிவிஷன், நான்காவது லயம், மூன்றாம் வீட்டில் குடியிருக்கிறேன். அதே தோட்டத்தில் செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, நான் ஒருத்தி என்று எழுதச் சொன்னேன். இந்த மாதம் 3ஆம் தேதிவரை இரண்டு பேர்.

எங்கள் மேல் டிவிஷனில் வரிசையாகக் கட்டிய லயங்களில் நாற்பத்தெட்டு வீடுகள். தோட்ட ஆபீஸ் நான்கு மைல் தள்ளிப் பெரிய டிவிஷனில் இருக்கிறது. அங்கே ஒரு டெலிபோன் உண்டு. அதை விட்டால் மூன்று மைல் தள்ளிப் புக்கிட் ரோத்தானில் ஜாபர் கடையில் ஒன்று உண்டு. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் பொது டெலிபோன் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டு வந்தோம். அந்த மனுக்களை மலாயில் எழுதியது என் மகள் சந்திரிகா. அவள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்தவள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. ஆனால் தன் இழுப்பைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதினால் தனக்காகக் கேட்டது போல் ஆகிவிடும் என்றாள்.

கடந்த பிப்ரவரி 20ஆம் தேதி டெலிபோன் இலாகா ஆட்கள் லோரியில் வந்து, லயத்து முனையில் கூண்டு வைத்து, காசு போடும் டெலிபோன் ஒன்றைப் பொருத்தினார்கள். அன்று மாலையே ஒருவர் அதில் கோலாசிலாங்கூருக்குப் பேசிப் பார்த்துவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது, இன்று முதல் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இலாகா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள்.

அதன் பிறகு 22ஆம் தேதி எங்கள் குடியிருப்பாளர் கமிட்டி கூட்டம் போட்டது. கமிட்டிச் செயலாளர் சிவானந்தம். அவர்தான் எங்கள் டிவிஷனில் கணக்கெழுதும் கிராணியும். டெலிபோனை எங்கள் தொகுதிப் பிரதிநிதி ஒய்.பி. வந்து திறந்து வைத்து முதல் அழைப்பைப் பேசுவார், அதற்கு முன் யாரும் தொடக்கூடாது, தொட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு, நாளைக்குத் தார் ரோடு கேட்டுப் போக முடியாது என்று அவர் சொன்னார். டெலிபோனைச் சுற்றிப் பலகையால் ஒரு பெட்டி அடித்துப் பூட்டிவிடலாம், சாவி என்னிடம் இருக்கட்டும் என்றார். சம்மதமானவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். சந்திரிகா மட்டும் தூக்காமல், "பேசறதுக்குத்தானே போன் கேட்டோம், பூட்டறதுக்கா?" என்றாள். சபையில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று அவள் தொடையில் கிள்ளி உட்கார வைத்தவள் நான். இதைக் கேட்காமலேயே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

திறப்பு விழா முதலில் மார்ச் 4 என்றார்கள். ஒய்.பி.க்கு வேறு வேலை வந்துவிட்டது. பிறகு மார்ச் 18 என்றார்கள். அவர் வெளியூர் போய்விட்டார். பிறகு ஏப்ரல் 8 என்றார்கள். பெட்டிக்கு மேலே மஞ்சள் துணி சுற்றி, மழையில் சாயம் போனதும் வேறு துணி சுற்றினார்கள். டெலிபோனுக்குத் தீட்டுப் படாமல் நாற்பத்தெட்டு வீடும் காவல் காத்தோம். பிள்ளைகள் பெட்டிப் பக்கம் பந்து உருட்டினால் நானே விரட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 3ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான் வேலை முடிந்து ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சந்திரிகா பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுப்பு வந்திருந்தது. வழக்கமாகக் குடிக்கும் மாத்திரையைக் கொடுத்தேன், முதுகைத் தடவினேன், வெந்நீர் கொடுத்தேன். இரண்டு மணிக்கெல்லாம் உதடு நீலமாகிவிட்டது. முன்பு வந்த இழுப்பு போல் இது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிவிஷனில் மருந்து கொடுக்கும் டிரெஸர் செவ்வாய்க்கிழமை வரமாட்டார். தோட்டத்து லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மாவை அவளிடம் உட்கார வைத்துவிட்டு, டெலிபோனுக்காகக் கிராணி வீட்டுக்குச் சாவி வாங்க ஓடினேன்.

சிவானந்தம் வீட்டில் இல்லை. திறப்பு விழா மறுபடியும் தள்ளிப்போய் ஏப்ரல் 22 ஆகிவிட்டதாகவும், அழைப்பிதழில் தேதி மாற்றி அடிக்கப் புக்கிட் ரோத்தானுக்குப் போயிருப்பதாகவும், சாவி அவர் மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தோடு இருப்பதாகவும் அவர் மனைவி சொன்னார். நான் முருகையா வீட்டுக்கு ஓடினேன். அவர் எங்கள் லயத்துக்காரர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர். "அண்ணே, கிராணியத் தேடிப் புடிச்சுச் சாவிய வாங்கிட்டு வாங்கண்ணே" என்று சொன்னேன். சொன்ன வார்த்தை இதுதான். மருத்துவமனைக்குச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கி வரச் சொன்னேன்.

முருகையா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அச்சுக்கடைக்குப் போயிருக்கிறார், கிராணி அங்கே இல்லை. பிறகு ஜாபர் கடைக்குப் போய், கிராணி வந்தாரா என்று கேட்டிருக்கிறார். ஜாபர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில்தான் அவர் கடை டெலிபோன் இருக்கிறது. முருகையா அந்த டெலிபோன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுதான், "கிராணியப் பார்த்தீங்களா பாய், போன் பொட்டி சாவி வேணும்லா" என்று கேட்டாராம். ஜாபரும் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இல்லையே என்று சொல்லியிருக்கிறார். இதை முருகையா பத்து நாள் கழித்து என் வீட்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அனுப்பியவள் நான்.

அவர் சாவி இல்லாமல் திரும்பி வந்தபோது மணி இரண்டு ஐம்பது. அதுவரை நான் வீட்டுக்கும் பெட்டிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பூட்டு என் சுட்டுவிரல் அளவுதான் இருக்கும். பலகை அரை அங்குலம். வீட்டுக்கு வீடு கோடாரி இருக்கிறது. உடைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அரசாங்கச் சாமான், ஒய்.பி. வரவேண்டியது, கை வைத்தால் கேஸாகிவிடும் என்ற நினைப்பு எங்கள் ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. வெட்கம்கெட்ட ரத்தம்.

அதன் பிறகு முருகையா வீட்டுக் கோடாரியை வாங்கிப் பெட்டியை நான்தான் உடைத்தேன். இரண்டு போட்டில் திறந்துகொண்டது. டெலிபோனை எடுத்தேன், காதில் ஊம் என்று சத்தம் வந்தது. 999 சுற்றினேன். ஒரு பெண் மலாயில் பேசினார். காசு கேட்கவில்லை. நான் இடத்தைச் சொன்னேன். டெலிபோன் எண் என்ன என்று கேட்டார், டயல் நடுவில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஆம்புலன்ஸ் இருபத்திரண்டு நிமிடத்தில் லயத்துக்கு வந்து சேர்ந்தது. மண்ரோட்டில் அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு அந்த டிரைவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் ஆம்புலன்ஸ் வளைவில் திரும்பும்போதே தாயம்மாவின் அழுகுரல் கேட்டது. கூட வந்த நர்ஸ் சந்திரிகாவின் கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சை அழுத்தினார். பிறகு என்னிடம், எப்போது இழுப்பு ஆரம்பித்தது என்று கேட்டார். ஒன்றரை மணி என்றேன். ஏன் அப்போதே கூப்பிடவில்லை என்று கேட்டார். டெலிபோன் இருக்கிறதே என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மகளை எடுத்து அடக்கம் செய்தோம். அதன் பிறகு ஐந்தாம் நாள் சிவானந்தம் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. பொட்டிய உடைச்சது பெரிய குத்தம். நான் ரிப்போர்ட் பண்ணல. நீங்களும் போன் அது இதுன்னு யார்கிட்டயும் பேசாதீங்க. லைன் அன்னிக்கு வரலன்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அப்போது எதுவும் முக்கியமாகப் படவில்லை. சரி என்றேன். அவர் புதுப் பெட்டி அடித்து, புதுப் பூட்டுப் போட்டார். கருமாதி 18ஆம் தேதி முடிந்தது.

நேற்று 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணிக்கு ஒய்.பி. வந்தார். தோரணம் கட்டியிருந்தார்கள். நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். கலவரம் செய்யும் எண்ணத்தோடு வந்தீர்களா என்று கேட்டதற்கு, இல்லை. மகள் எழுதிய மனுவுக்கு வந்த டெலிபோனை அவள் இடத்தில் நின்று பார்க்கலாம் என்றுதான் வந்தேன். கையில் எதுவும் கொண்டுவரவில்லை.

சிவானந்தம் மைக்கில் பேசினார். டெலிபோனுக்கு இன்று காலைதான் லைன் கிடைத்தது, இதிலிருந்து போகும் முதல் அழைப்பை நம் ஒய்.பி. அவர்கள் பேசுவார்கள் என்று சொன்னார். நாற்பத்தெட்டு வீட்டு ஆட்களும் அங்கே இருந்தார்கள். கோடாரி கொடுத்த முருகையா இருந்தார். தாயம்மா இருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒய்.பி. தன் ஆபீசுக்குப் பேசி, கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறதாம். மறுபடியும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு நான் முன்னால் போய், ஒய்.பி.யிடம், "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னேன். அவர் நான் பேச ஆசைப்படுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். முதல் வரிசையில் இருந்த மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து டெலிபோனை அடித்தேன். மூன்று அடியோ நான்கு அடியோ, எண்ணவில்லை. காசு விழும் பக்கம் பிளந்துகொண்டது. யாரையும் அடிக்கவில்லை. யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சிவானந்தம் என் கையைப் பிடித்தபோது நாற்காலியை அவரிடமே கொடுத்துவிட்டேன். பிறகு போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

22ஆம் தேதி பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது என்று ஒரு குற்றச்சாட்டு மட்டும்தான் இருக்கிறது என்று கார்ப்பரல் சொன்னார். அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதோடு ஏப்ரல் 3ஆம் தேதி பெட்டியை உடைத்ததையும் என் மேல் குற்றமாகப் போடச் சொன்னேன். கார்ப்பரல் பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, அதுக்கு யாரும் ரிப்போர்ட்டே குடுக்கல. ஒண்ணோட போறத ஏன் ரெண்டாக்குறீங்க? பழைய பொட்டி உளுத்துப்போயி விழுந்துடுச்சுன்னு கிராணி எழுதிக் குடுத்திருக்காரு, விட்டுடுங்களேன்" என்றார். அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

நான் சொன்னது இதுதான். பெட்டியை நான் உடைக்கவில்லை என்றால் நான் டெலிபோனில் பேசவில்லை என்றாகும். நான் பேசவில்லை என்றால் லைன் அன்று இல்லை என்றாகும். லைன் இல்லை என்றால், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது, விதி முடிந்து செத்தாள் என்றாகும். என் மகள் விதி முடிந்து சாகவில்லை. நல்ல டெலிபோனைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஐம்பது நிமிடம் சாவி தேடிக்கொண்டிருந்த ஒரு லயத்துச் சனத்தின் நடுவில், மூச்சுக்குத் தவித்துச் செத்தாள். 999இல் அன்று 2.55க்கு என் குரலைக் கேட்ட பெண் இருக்கிறார், அவர் எழுதி வைத்திருப்பார். விசாரியுங்கள். இரண்டு குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்கட்டும்.

முதல் முறை எனக்கு இதை வாசித்துக் காட்டியபோது ஏப்ரல் 3ஆம் தேதி நடந்தது அதில் இல்லை. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். பகல் ஒரு மணிக்குக் கார்ப்பரல் புதுத் தாளில் முதலிலிருந்து எழுதி மறுபடியும் வாசித்துக் காட்டினார். இப்போது எதுவும் விடுபடவில்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அறிந்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் பெயரை என் கையால் எழுதுகிறேன்.

(ஒப்பம்) மு. நாகமணி, சந்திரிகாவின் தாயார்