நட்டின் மேல் வெள்ளைக் கோடு

உங்கள் மேசையின் இடது முன்கால் ஆடுகிறது. அட்டையை மடித்து அடியில் செருகியிருக்கிறீர்கள். அது ஒரு வாரம் தாங்கும். ஸ்பேனர் இருந்தால் நானே முடுக்கித் தருவேன். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது.

என் பெயர் திருமூர்த்தி. இரும்பு வேலையில் இருபத்தாறு வருடம். சோமனூர் தறிக்கூடத்தில் நூல் மூட்டை அடுக்கப் பரண் போட்டுத் தந்தது நான்தான். தூணும் உத்தரமும் சதுர பைப். உள்ளே வெற்று. போல்ட்டைக் குறுக்கே நுழைத்து நட்டை முடுக்கினால் பைப்பின் இரண்டு சுவரும் உள்வாங்கும், பிடி நிற்காது. அதைத் தடுக்க, உள்ளே ஒரு குழாய்த் துண்டை முட்டாகக் கொடுக்க வேண்டும் என்றார் இஞ்சினியர் சுரேந்தர். தேவையில்லை என்றேன். இரும்பு சொல்லாமல் போகாது. விட்டுப்போகும் முன் ஏதாவது அடையாளம் காட்டும்.

"வெளிய நட்டு கம்முனு இருக்கும், உள்ள செவுரு போயிட்டிருக்கும். ஒருத்தருக்கும் தெரியாதுங்ண்ணா."

"எங்கிட்டச் சொல்லுமுங்க."

"உங்ககிட்ட மட்டும் ரகசியமாப் பேசறாப்பல இருக்குது."

தறி ஓட்டும் புவனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை.

மொத்தம் பன்னிரண்டு இணைப்புகள். அவர் சொன்னபடி பதினொன்றில் துண்டு வைத்தேன். ஈசானிய மூலையில், புவனாவின் தறிக்கு மேலே இருந்ததில் மட்டும், இரும்பு சொல்வதை அவருக்குக் காட்டுவதற்காக, வைக்கவில்லை. அங்கே நட்டுக்கும் பைப்புக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு முறியும்.

வெள்ளிதோறும் போய்ப் பார்த்தேன். தறிகள் அதிர அதிர, மூன்றாம் வாரம் கோடு மயிரிழை விலகியது. ஐந்தாம் வாரம் பைப்பின் முகம் கரண்டிக் குழிபோல் உள்ளே போயிருந்தது. அதன்பின் எனக்குத் தூக்கமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். யாரிடமாவது காட்ட வேண்டும்.

"ஏனுங்க, மேல டக்கு டக்குன்னு சத்தம் வருதுங்க," என்றார் புவனா.

"புது இரும்பு அப்படித்தானுங்க அம்மணி. படிஞ்சுபோடும்."

"எந்தலைல படியாம இருந்தாச் சரிங்க."

தீபாவளிக்கு முன் நூல் வந்து இறங்கியது. இன்னும் ஏற்றலாமா என்று முதலாளி கேட்டார். ஏற்றலாம் என்றேன். பாரம் போதாமல் பாதியில் நின்றுவிட்டால் எதுவும் நிரூபணமாகாது.

நாற்பத்தோராம் நாள், செவ்வாய் காலை, நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. வாசலுக்கு வந்து சுரேந்தருக்குப் போன் செய்தேன். பேசுது, வந்து கேளுங்க என்றேன். காந்திபுரம் நெரிசலில் நிற்பதாகச் சொன்னார். "மொதல்ல ஆளுகள வெளிய கூப்புடுங்ண்ணா" என்றும் சொன்னார்.

தறியை நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். அவர் கேட்க வேண்டியது அந்தச் சத்தத்தைத்தான். காத்திருந்தேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துப் பரண் இறங்கியது. புவனா தறியின் முன்னால் நின்றிருந்தார்.

வாக்குமூலத்தில் நான் கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அது சொல்லாமல் போனது என்று மட்டும் எழுதாதீர்கள். நாற்பத்தொரு நாள் சொன்னது. எனக்கு மட்டுமல்ல, புவனாவுக்கும் கேட்டது. அவர்தான் என் சாட்சி.