காலியா ஒரு கட்டம்

சாமி படம் இல்லீங்க. துண்டுல சுத்தி மடியில வச்சிருக்கவும் அப்படி நெனச்சுட்டீங்க. கண்டக்டரும் அதான் கேட்டாரு, ஆமான்னுட்டேன். சாமி படம்னா யாரும் இடிச்சுக்கிட்டு போக மாட்டாங்கள்ல. ஒங்க முழங்கையில முட்டுதா? இந்தா, இப்படித் திருப்பிக்கிறேன்.

பலகைங்க. எங்க வீட்டுக்காரருக்கு உள்ளது. அவருக்குப் பேச்சு வராது, வேணுங்கிறத இதுல தொட்டுக் காட்டுவாரு. பிரிச்சே காட்டுறேன், இப்பத்தானே சில்வர் அருவி தாண்டுறோம், வத்தலக்குண்டு எங்க கெடக்கு. வளைவுல ஒங்களுக்குத் தலை சுத்துமா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்துக்கங்க. டீச்சருங்களா நீங்க? கழுத்துல அட்டை தொங்குதேன்னு கேட்டேன்.

இதைப் புதுசா அச்சடிக்கணும், அதுக்குத்தான் போறேன். கொடைக்கானல்லயும் கடை இருக்குங்க. இதை அடிச்சதே அங்கதான். இல்ல இல்ல, நல்லாத்தான் அடிச்சாங்க, ஓரங்கூட இன்னும் பிரியல. சும்மா, கீழ ஒரு சோலி இருந்துச்சு, அப்படியே இதையும் முடிச்சுட்டு வரலாமேன்னு.

பொறவியில இல்லீங்க. போன தை மாசத்துக்கு முந்தின தை வரைக்கும் மன்னவனூர்லயே பெரிய வாயி அவருதான். ஜீப்பு ஓட்டுனாரு. வண்டியில ஏறுற டூரிஸ்ட்டுக்கெல்லாம் கதை விடுவாரு, இந்தப் புல்லுமேட்டுல ஒரு ராஜா ஆடு மேச்சாரு, அந்த வம்சந்தான் ஆட்டுப் பண்ணையில இருக்குன்னு. எது, ராஜா வம்சமான்னு அவங்க கேப்பாங்க. ஆட்டு வம்சங்கன்னுவாரு. அப்படி ஆளு. ஒருநாக் காலையில வண்டியத் தொடைச்சுக்கிட்டு நின்னவரு அப்படியே பம்பரு மேல சாஞ்சுட்டாரு. வலது கையி, வலது காலு, பேச்சு, எல்லாம் ஒண்ணாப் போச்சு. புத்தி மட்டும் அப்படியே இருக்கு. மதுரை ஆஸ்பத்திரியில டாக்டரு அதை ஏதோ நல்ல சேதி மாதிரித்தான் சொன்னாரு.

ஏரிக்குப் போற வழியில நான் கடை போட்டிருக்கேன். டீ, ஆம்லெட்டு, நூடுல்சு, கேரட்டுக் கட்டு. அவரையும் சக்கர நாக்காலியில தள்ளிக்கிட்டு வந்து பின்னாடி வெயிலு படுற எடத்துல வச்சுக்குவேன். அங்கதான் லீலாக்காவப் பாத்தது. கொடைக்கானல்ல தனியா வீடெடுத்து இருக்காங்க. மலை நடக்குறதுக்கு எங்க பக்கம் வருவாங்க, வந்தா நம்ம கடையில டீ. அதுக்கு முன்னாடி பெங்களூர்ல வேலை. போனுல திரை இருக்குல்ல, அதுல எந்தப் பொத்தான் எங்க இருக்கணும், தொட்டா என்ன வரணும், அதை யோசிக்கிறதே ஒரு உத்தியோகமாம். தலை நரைக்கிற வரைக்கும் அதே சோலி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொத்தான் வைக்கிறதுக்கா சம்பளம்னு கேட்டேன். ஆமா ராஜகுமாரி, ஒருத்தி தப்பா வச்சா ஊரே தப்பாத்தானே அமுக்கும்னாங்க.

அன்னைக்கு நான் அவருகிட்டக் கத்திக்கிட்டு இருக்கேன். தண்ணியா, காப்பியா, குளுருதா, வெளிக்கிப் போகணுமான்னு. அவரு எல்லாத்துக்கும் தலைய ஆட்டுறாரு. எனக்கு அழுகையும் ஆத்திரமுமா வருது. அக்கா டீ கிளாசக் கீழ வச்சுட்டு வந்து, அவரு பதில் சொல்ல நீங்க எடமே விடலையே ராஜகுமாரின்னாங்க.

மொதல்ல ஒரு பெரிய போனு மாதிரி கொண்டாந்தாங்க. படத்தைத் தொட்டா ஒரு பொம்பள, எனக்குத் தண்ணீர் வேண்டும்னு நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்லும். அவரு மெரண்டுட்டாரு. அதும்போக, ஸ்டீரிங்கும் மம்பட்டியும் புடிச்சுக் காய்ப்புக் காச்ச வெரலு, எங்க ஊருக் குளுருக்கு வேற கட்டையாப் போயிருது. தொட்டாத் திரைக்குத் தெரியவே மாட்டேங்குது. தொட்டாரு, தொட்டாரு, கடைசியில வெரலு மொழியால ஓங்கிக் குத்திட்டாரு. நான் வஞ்சேன். அக்கா என்னையத் தடுத்து, அவரை ஏன் வையிறீங்க, தப்பு நான் செஞ்சதுலதான்னாங்க. ரேசன் கடையில ரேகை விழலைன்னா நம்மளத்தானே கையக் கழுவிட்டு வரச் சொல்லுவாங்க? மிசினு தப்புன்னு ஒரு ஆளு சொல்லி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

அப்பறம் அட்டைக்கு மாறுனோம். அதுக்கும் உடனே செய்யல. வந்து வந்து ஒக்காந்து அவரைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. என்னையும் பாக்கச் சொன்னாங்க. கேக்காதீங்க, பாருங்க. அவரு இடது கையி தன்னால எது வரைக்கும் போகுது, எங்க போகயில தோளு வலிக்குது. அடிக்கடி வேணுங்கிறது கைக்குக் கிட்ட வரணும். பாருங்க, இந்தக் கீழ் வரிசையில பிளாஸ்க்கு, கம்பளி, கதவு. பிளாஸ்க்குதான் தண்ணி. நான் டம்ளருதான் சொன்னேன், அவருக்கு டம்ளருன்னா காப்பி. இந்தக் கதவு எங்க கக்கூசுக் கதவு, சிரிக்காதீங்க டீச்சர். மொத அச்சுல ஆஸ்பத்திரிக் கக்கூசுல இருக்குமே, கால அகட்டி நிக்கிற நீலக்கலரு ஆளு, அதைப் போட்டிருந்தாங்க. அவரு அதைத் தொட்டுட்டுத் தன் நெஞ்சத் தொட்டுக் காட்டுறாரு, நான் நிக்கணும், நான் நடக்கணும்னு. அக்கா அதைக் கிழிச்சே போட்டுட்டாங்க.

ஒண்ணு மட்டும் சட்டம் மாதிரி சொன்னாங்க. தொட்டா ஒடனே பதில் சொல்லணும். குடுக்க முடியுதோ இல்லையோ, கேட்டுருச்சுங்கன்னாவது சொல்லணும். ரெண்டு தடவை தொட்டுப் பதிலு வரலைன்னா மூணாந் தடவை மனுசன் தொட மாட்டான், போனா இருந்தாலும் சரி, பொண்டாட்டியா இருந்தாலும் சரின்னாங்க. நானும் அப்படியே செஞ்சேன். கடையில பத்துப் பேரு நின்னாலும், அவரு கையி அட்டையில பட்டுட்டாக் கேட்டுருச்சுங்கன்னு சத்தங் குடுப்பேன். அவரு மூஞ்சியில ஒரு தெளிவு வந்துச்சு டீச்சர். காப்பியத் தொட்டுட்டு, நான் கொண்டு போகயில, முன்னாடி மாதிரி இடது புருவத்தைத் தூக்கிக் காட்டுவாரு. ஜீப்புல வரயில என்னைய அப்படித்தான் கூப்புடுவாரு.

இதுவா? இந்தக் கடைசிக் கட்டந்தானே? அச்சு விழாமப் போகலீங்க, வெள்ளையாத்தான் விட்டது. நான் அதுல முருகன் படம் போடலாம்னேன். வேண்டாம் ராஜகுமாரி, நம்ம ரெண்டு பேரும் நெனைக்காதது ஏதாவது ஒண்ணு அவருக்கு இருக்கும், அதுக்கு ஒரு எடம் விடணும், அந்தக் கட்டத்தை மட்டும் அடைச்சுராதீங்கன்னாங்க. இவ்வளவு காலம் வேலை பாத்ததுல அது ஒண்ணுதான் உருப்படியாத் தெரிஞ்சுக்கிட்டேன்னாங்க.

ஆமாங்க. அதைத்தான் தொட ஆரம்பிச்சாரு.

மொத நாளு எனக்குச் சந்தோசம். மனுசனுக்கு என்னமோ கேக்கத் தோணுதேன்னு. என்னங்க வேணும், இது இல்லாம வேற என்ன? மக நதியாவ வரச் சொன்னேன், திருப்பூர்ல இருக்கா. வந்து பக்கத்துல ஒக்காந்தா, அவ கன்னத்தைத் தடவுனாரு, தடவிட்டு மறுபடி வெள்ளைக் கட்டம். ஜீப்புக்குக் கொண்டு போயி ஒக்கார வச்சோம். எங்க பூண்டுக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். பூம்பாறைக் கோயிலுக்குப் போனோம். ஜீப்பு ஸ்டாண்டுல அவரு கூட்டாளி திருமலைச்சாமி, தங்கச்சி ஒனக்குப் புரியல, மாப்ள கட்டிங் கேக்குறாப்லன்னு ராவோட ராவா வாங்கியாந்துட்டாரு. இவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. வீணாப் போகக் கூடாதுன்னு அதைத் திருமலைச்சாமியே குடிச்சுட்டு அவரு காலடியில ஒக்காந்து அழுதாரு.

லீலாக்காவும் எத்தனையோ படம் கொண்டாந்து ஒண்ணொண்ணா அந்தக் கட்டத்துல வச்சு வச்சு எடுத்தாங்க. வெரலு அந்தப் படத்தை நகட்டி விட்டுட்டு வெள்ளையத் தொடும். அக்காவுக்கும் தெரியல. தொடுறதை நிறுத்தாம இருக்காரு பாருங்க, அது வரைக்கும் நம்மள நம்புறாருன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அந்த நம்பிக்கைதான் பயமா இருந்துச்சு. கேட்டுருச்சுங்க, கேட்டுருச்சுங்கன்னு எத்தனை தடவை சொல்லுவேன், என்ன கேட்டுச்சுன்னு தெரியாமயே.

டம்டம் பாறை வந்துருச்சா? அப்ப இனி வெரசாப் போயிருவான்.

கண்டுபுடிச்சமான்னு கேக்குறீங்க. தற்செயலாத்தாங்க. கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன், கையி வெள்ளைக் கட்டத்துல இருக்கு. வாயத் தொடைச்சு விட்டுட்டு, சும்மா பேச்சுக்குக் கேக்குறதுதானே, போதுமான்னேன். வெரலை எடுத்துட்டாரு. அத்தனை நாளுல வெரலு தன்னால எந்திரிச்சது அப்பத்தான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடச்சே, இம்புட்டுத்தானா, போதுங்கிறதுக்கு ஒரு படம் வைக்காம விட்டோமேன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு, இடது பக்கம் மட்டும். அக்காவுக்குப் போனப் போட்டுச் சொல்லணும்னு இருந்தேன், டவரு இல்ல. சரி, காலையில சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

மறுநாளு வெள்ளனே எந்திரிக்கிறேன், எனக்கு முன்னாடி அவரு முழிச்சுக் கெடக்காரு. அட்டைய நெஞ்சு மேல வச்சேன். வெள்ளைக் கட்டம். அடுப்பே பத்த வைக்கல டீச்சர். போதுமான்னு கேட்டேன். வெரலை எடுத்துட்டாரு. இன்னும் ஒண்ணுமே குடுக்கலையேங்க, எது போதும்னேன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அழுகல. ஒரு சோலிய முடிச்ச மாதிரி அம்புட்டு அமைதியா இருந்துச்சு மூஞ்சி.

நான் கேட்டுருச்சுங்கன்னு சொல்லல. அடுப்படிக்குப் போயிட்டேன்.

லீலாக்காட்டயா? சொல்லல. சொன்னா போதுங்கிற வார்த்தைய அந்தக் கட்டத்துல எழுதுவாங்க. தொட்டா நான் பதில் சொல்லணும். என்னன்னு சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க? கொடைக்கானல் கடைக்காரரு அவங்களுக்குப் பழக்கம், அங்க குடுத்தாச் சாயங்காலமே தெரிஞ்சுரும். காலையில இதை எடுக்கயில அவரு இடது கையி கம்பளி மேல தடவித் தடவித் தேடுச்சு. நதியா வந்திருக்கா, அவ பாத்துக்கிறா. அவளுக்குத் தெரியாது, அட்டை பழசாப் போச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்.

காமக்காபட்டியா? நீங்க எறங்குறதுன்னா எறங்குங்க டீச்சர், காலைத் தள்ளிக்கிறேன். ஒண்ணுமில்ல, மத்த படமெல்லாம் அப்படியேதான் இருக்கும், அதுக்குத்தான் இதைக் கொண்டு போறேன். அந்த ஒரு கட்டத்துல என்ன போடன்னு வத்தலக்குண்டுக் கடைக்காரரு போனுலயே கேட்டாரு. காப்பியவே ரெண்டாப் போட்ருங்கன்னு சொல்லியிருக்கேன். காப்பின்னா அவருக்கு உசுரு.