வியாழக்கிழமை களி சாப்பிட்டான்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரி எழுத எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டர் சார், என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதிய முதல் பக்கத்தைப் பார்த்தேன். அதற்குள் எத்தனை அடித்தல். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பரை வாங்கிக்கொண்டேன்.

பெயர் சௌந்தரம். சிதம்பரத்துக்கு வெளியே, மனவளர்ச்சி குன்றிய ஆண்கள் தங்கும் இல்லத்தின் நிர்வாகி. சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும்தான் இங்கே வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு ஆயாக்கள் போதும். இல்லம் நிற்பது பதிவேட்டின் மேல். ஒவ்வொருவனுக்கும் நாளுக்கு ஒரு பக்கம்: என்ன சாப்பிட்டான், மாத்திரை கொடுத்தாயிற்றா, வலிப்பு வந்ததா, தூங்கினானா. பக்கங்களில் எண் போட்டு முத்திரை குத்தியிருப்பதால் கிழிக்க முடியாது. திருத்துவதென்றால் சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, காரணமும் எழுத வேண்டும்.

போன வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஆயாக்கள் முன்னால் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். “என்னம்மா இது, கோழி கெளறுன குப்பையாட்டம்? அடுத்த தடவ ஒரு அடித்தல் பாத்தாலும் ரினியூவல் கெடையாது, சொல்லிட்டேன்.” அந்த அடித்தல்கள் எல்லாம் ஆயாக்களுடையவை. திட்டு வாங்கியது நான். அன்றிலிருந்து பேனாவை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

இந்த வருஷ ஆய்வு ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. தேருக்கும் தரிசனத்துக்கும் ஆயாக்கள் யாரும் நிற்க மாட்டார்கள். ஜான்சி மட்டும் இருப்பாள். கிறிஸ்துமஸுக்கு அவள் போவாள், தேருக்கு மற்றவர்கள் போவார்கள். அது எங்களுக்குள் வெகுநாளாக உள்ள ஏற்பாடு. ஆள் இல்லாத நாட்களில் எழுத்து அலங்கோலமாகக் கூடாதே என்று புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் பக்கங்களையும் செவ்வாய்க்கிழமையே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். திருவாதிரை அல்லவா, வியாழனுக்குக் களி என்று போட்டேன். அந்த அளவுக்குக் கவனமாக எழுதினேன்.

ராஜவேல் என்று ஒருவன். இருபத்தாறு வயது, பேச்சு வராது, கேட்டைத் திறந்தால் கை தட்டுவான். வலிப்பு மாத்திரை அவன் ஒருவனுக்குத்தான். டிக் போட்டிருந்தால் மறுபடி கொடுக்கக் கூடாது என்று ஆயாக்களுக்குப் பழக்கியது நான்தான், இரண்டு தடவை கொடுத்தால் ஆபத்து. ஜான்சி புதன்கிழமை பக்கத்தைத் திறந்தாள், டிக் இருந்தது. வியாழனும் இருந்தது. வியாழன் மத்தியானம் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது.

“மாத்திர குடுத்தியா?” என்று கேட்டேன்.

“நீங்க டிக் போட்டிருந்தீங்களேம்மா. நீங்களே குடுத்துட்டீங்கன்னு இருந்துட்டேன். விட்டு விட்டு வருதும்மா, நிக்க மாட்டேங்குது. நூத்தியெட்டுக்குப் போடுறேன்.”

“போன இங்க குடு. இன்னிக்கு அவனுக்கு வலிப்பு இல்ல. வேணும்னா நீயே படிச்சுப் பாரு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படித்த பெண், ஆனால் விஷயம் புரியவில்லை. ஆம்புலன்ஸ்காரன் சீட்டில் தேதி போடுவான், ஆஸ்பத்திரியில் தேதி போடுவார்கள், என் பக்கம் பொய்யாகிவிடும். இல்லத்தை மூடினால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? “டூட்டி ஒன்னுது. மாத்திர குடுக்காதது நீ. வெளிய சொன்னா ஜெயிலுக்குப் போறது யாருன்னு யோசிச்சுக்கோ” என்றேன். போனை என் கையில் வைத்தாள். இருவருமாக அவனைப் பின்னறையில் படுக்க வைத்தோம். சனிக்கிழமைப் பக்கம் காலியாக இருந்தது. அதுவரை அவன் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அவன் அம்மா பொன்னி வந்தாள். காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிறவள். கோயிலில் தரிசனம் முடித்து, தூக்கில் களி கொண்டு வந்திருந்தாள்.

“தூங்குறான். எழுப்பாத.”

“எழுப்பலம்மா. கண்ணால பாத்துட்டுப் போயிடறேன். ஞாயித்துக்கெழம வர முடியாது, அதான் இன்னிக்கே வந்தேன்.”

“பாத்தா அழுவான். அப்பறம் நான்தான் அவதிப்படணும்.”

எனக்குக் கும்பிடு போட்டாள். வருகைப் பதிவேட்டில் ரேகை வைக்கச் சொன்னேன். முந்திரி ஓட்டு எண்ணெயில் வெந்துபோன விரல், ரேகை எங்கே விழும்? கறுப்பாக அப்பிக்கொண்டது. அந்த வாரப் பதிவுகளிலேயே அசிங்கமாக இருப்பது அது ஒன்றுதான். களியை நான் சாப்பிட்டேன். சாப்பிட்டான் என்று எழுதிய பிறகு தூக்கு நிறைய இருந்தால் நன்றாக இருக்காது. வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

வெள்ளிக்கிழமை காலை அதே அதிகாரி வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஒரு அடித்தல் கூட அகப்படவில்லை. அவர் முகம் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆட்களைப் பார்க்கிறீர்களா என்று நானாகவே கேட்டேன். “எதுக்கும்மா, அதான் எல்லாம் இதுல இருக்கே” என்றார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜான்சி கதவோரம் வந்து நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விஷயம் எனக்குப் புரிந்தது. போ என்று கண்ணைக் காட்டினேன். பதிவேடுகள் முன்மாதிரியாகப் பராமரிக்கப்படுகின்றன என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தும் ஒன்றும் பிரமாதமில்லை.

பின்னறைக் கதவைப் பூட்டினேன். மறுநாள் காலை சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, ‘காலையில் வலிப்பு. உடனே ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது’ என்று எழுதினேன். மை காய்ந்ததும் நூற்றெட்டுக்குப் போட்டேன். உடனே போட்டேன், ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. வந்த பையன் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னம்மா, நேத்தே போயிருக்காரு” என்று என்னைப் பார்த்தான்.

இப்போது ஜான்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். பொன்னி ஸ்டேஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறாள் என்கிறீர்கள். தூற்றட்டும். மாத்திரை போகாததற்கு என் டிக் காரணம். ஆம்புலன்ஸைத் தடுத்தது நான். பூட்டியதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவன் இரண்டு இட்லி சாப்பிட்டு நன்றாகத் தூங்கினான் என்றுதான் இருக்கிறது, அதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவன் அன்றைக்கே செத்தான் என்பது உங்கள் முடிவானால், அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்பு மையில் திருத்துங்கள், பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், காரணம் எழுதுங்கள்.