லொரேன் சொன்ன வார்த்தை

— கதவைச் சாத்திட்டு உக்காருங்க சுஜீவா. லொரேன் உங்களை என்ன திட்டினாள்னு நீங்க வாயால சொன்னா போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்.

— நிண்டுகொண்டே கதைக்கிறன் சேர். கீழ சலாட் அடைக்கிற பெல்ட் ஓடுது. என்ர இடத்தில தாரிணி தனிய நிக்கிறா.

— நிக்கட்டும். பாருங்க, இது சின்ன விஷயமில்ல. சாப்பாட்டு ரூம்ல அத்தனை பேர் முன்னாடி ஒரு வெள்ளைக்காரி, "வந்த இடத்துக்கே திரும்பிப் போடீ"ன்னு கத்தியிருக்கா. கத்தினாளா இல்லையா?

— கத்தினவ.

— கறுப்பின்னும் சொன்னாளாமே?

— ஓம், அதையும் சேர்த்துத்தான். நானும் சும்மா விடேல்லை. வாயில வந்ததெல்லாம் திருப்பிக் குடுத்தனான்.

— அதெல்லாம் உள்ள சொல்ல வேண்டாம். ஹெச்.ஆர். மேடம் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. அவ சொன்னதை மட்டும் சொல்லுங்க. இன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடலாம்.

— இண்டைக்கேயோ? என்ன அவ்வளவு அவசரம்?

— ரேசிசம்னா இந்தக் கம்பெனில ஜீரோ டாலரன்ஸ், புரியுதா?

— அப்ப போன வருசம் எங்களோட வேலை செய்யிற சிவமணி அண்ணையை அந்த ஃபோர்க்லிஃப்ட் பெடியன் குரங்கு எண்டவன். அண்டைக்கு உங்களிட்டைத்தான் வந்து சொன்னனாங்கள். "பெருசாக்காதீங்க" எண்டு சிரிச்சுக்கொண்டு அனுப்பினியள்.

— அது வேற. அவன் சின்னப் பையன். அதுவுமில்லாம ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் கிடைக்கிறதே கஷ்டம்.

— சலாட் அடைக்கத்தானே ஆள் கிடைக்கும். லொரேன் கிழவியைத் துரத்தினாலும் பரவாயில்லை.

— அட என்னங்க நீங்க! அவ எப்படிப்பட்ட குடும்பம்னு தெரியுமா? அப்பன் டோல், அண்ணன் டோல், எல்லாம் கவர்மென்ட் குடுக்கற உதவிப்பணம். ஊரு அவங்களுது, பாஷை அவங்களுது. முன்னேறினாங்களா? உடம்பு வணங்காது. நாம பெட்டியைத் தூக்கிட்டு வந்து வீடு வாங்கிட்டோம்ல, அந்த வயித்தெரிச்சல்.

— எரிச்சல்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. முகத்துக்கு நேரயே கேட்டவ, "என்ர அப்பா கார் செய்த பக்ரறியை இழுத்து மூடிப்போட்டாங்கள். நான் தங்கச்சியின்ர கராஜுக்குள்ள படுக்கிறன். நேற்று வந்த நீ மல்கிரேவில எப்பிடி வீடு வாங்கினனீ?" எண்டு.

— பார்த்தீங்களா? பார்த்தீங்களா?

— கேளுங்கோ. நானும் சொன்னனான், "ரெண்டு வேலை செய்து வாங்கினது, உன்ர காணியைப் பறிச்சு வாங்கேல்லை" எண்டு. அவவைக் கண்டா எனக்கும் பத்திக்கொண்டுதான் வரும். ஆனா உடம்பு வணங்காது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அந்தக் குளிருக்குள்ள அவவுக்குப் பக்கத்தில ஒரு காலமை நிண்டு பாருங்கோ, விளங்கும்.

— திட்டினவளுக்கே வக்காலத்தா? நல்லாருக்கு.

— நீங்கள் பெல்ட்டின்ர ஸ்பீடைக் கூட்டினியள். தாரிணியின்ர கிளவுஸ் உள்ள இழுபட்டது. நான் ஐயோ எண்டு கத்திக்கொண்டு நிண்டனான். ஓடிப்போய்ச் சிவப்புச் சுவிச்சை அமத்திப் பெல்ட்டை நிப்பாட்டினது லொரேன். திங்கக்கிழமை பாதுகாப்புச் சோதிக்க வாற இன்ஸ்பெக்டரிட்டை அதைத்தான் சொல்லப்போறா. அதுக்கு முதல் அவ இங்க இருக்கக்கூடாது. இதுதானே சேர் விசயம்?

— சரி, வெளிப்படையாவே பேசறேன். நாலு வருஷமா நிரந்தரமில்லாத கேஷுவல் வேலைலதான் இருக்கீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா பெர்மனென்ட். சொல்லலைன்னா அடுத்த வாரம் உங்களுக்கு வேலை இருக்குமான்னு எனக்கே தெரியாது.

— வெருட்டுறியளோ?

— ஐயய்யோ, என்னம்மா! நம்ம ஆளாச்சேன்னு உரிமையோட சொல்றேன். சேர் எல்லாம் எதுக்கு, அண்ணான்னு கூப்பிடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அவளா வந்து நிப்பா? நான்தான நிப்பேன்?

— நாலு வருசமா என்ர பேரையே பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள். இண்டைக்குத்தான் பேர் சரியா வருது, அதுக்குள்ள அண்ணாவோ?

— கிண்டல் வேண்டாம். கடைசியா கேக்கறேன். உள்ள போய்ச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?

— சொல்லுறன். வடிவாச் சொல்லுறன். லொரேன் கத்தினது, நான் திருப்பிக் கத்தினது, ஸ்பீட் கூட்டினது, தாரிணியின்ர கை, ஃபோர்க்லிஃப்ட் பெடியன், இப்ப நீங்கள் பெர்மனென்ட் தாறன் எண்டது, ஒண்டும் மிச்சமில்லாமச் சொல்லுறன்.

— பைத்தியமா உங்களுக்கு? உங்க வேலையும் போகும் சுஜீவா. அசிங்கமா திட்டின ஒருத்திக்காகவா?

— அவவுக்காக ஆர் சொன்னது? அவ சொன்ன வார்த்தையை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன். அதை நானும் அவவும் பாத்துக்கொள்ளுவம். நடுவில நீங்கள் வேண்டாம்.

— அப்படி என்னதான் சண்டை உங்க ரெண்டு பேருக்கும்? எதுல ஆரம்பிச்சது?

— உங்களிலதான் தொடங்கினது. லொரேன், "அந்த மனிசன் ஒருநாள் உன்னை மேல கூப்பிட்டு என்னைக் காட்டிக்குடுக்கச் சொல்லுவான், பார்" எண்டவ. "எங்கட ஆள் அப்பிடிச் செய்யமாட்டார், வாயை மூடு" எண்டு முதல் கை ஓங்கினது நான்தான்.