தறிக்குழியில் ஒரு ஸ்டாப்பர்

அகிலா: தலையத் தூக்காத. பாவுல முட்டுது.

ஷாரோன்: முட்டல.

அகிலா: முட்டுது. இந்தத் தறியில உக்காந்துக்கினு எனக்குத் தெரியுது, உன் மண்டைக்குத் தெரியலியா? ஒரு இழை அறுந்தாலும் எங்க வூட்டுக்காரரு உன்னையே முடி போடச் சொல்லுவாரு.

ஷாரோன்: அவரு எப்ப வருவாரு?

அகிலா: சொசைட்டிக்குப் பொடவை குடுக்கப் போயிருக்குறாரு. ஆறு ஆவும். அதுவரைக்கும் அவரு தறிக்குழி உன்னுதுதான். நல்லா காலை நீட்டிக்க.

ஷாரோன்: எங்க நீட்டறது? அஞ்சு மணி வரைக்கும் இப்டியே இருந்தாப் போதும்.

அகிலா: அஞ்சே முக்கால் அடி உசரம். ஏரிக்கரை டீமோட கோச்சு. இடுப்பளவு குழியில மடிஞ்சி உக்காந்திருக்கிற. உன் பொண்ணுங்க பாத்தா இனிமே உன் விசிலுக்கு ஒண்ணுகூட ஓடாது.

ஷாரோன்: நீ நெய்யி. தறியில நாடா ஓடற சத்தம் நின்னா தெருவுல சந்தேகம் வரும்.

அகிலா: சந்தேகம் வர்றதுக்கு நீ இன்னா கொலையா பண்ணிட்டு வந்த? ஒரு ரிலீஸ் காயிதத்துல கையெழுத்துப் போடணும். அதுக்குப் பயந்துக்கினு...

ஷாரோன்: பயமெல்லாம் இல்ல.

அகிலா: பின்ன?

ஷாரோன்: ஜோதிகாவ வேற டீமுக்கு வுட மாட்டேன்னு நான் சொல்லல. அத நல்லா கேட்டுக்க. அவ என்னைத் தேடினா, நான் கெடைக்கல. லீக் ஆபீஸ்ல அஞ்சு மணிக்குப் பதிவு முடிஞ்சிடுச்சி. அவ்ளோதான்.

அகிலா: அடேங்கப்பா. கோச்சு ஆனதும் மூளை வளந்துடுச்சிடி உனக்கு.

ஷாரோன்: போனு அடிக்குது பாரு. எடுக்காத.

அகிலா: பதினேழாவது தடவை. 'ஜோதிகா ஸ்டாப்பர்'னு போட்டு வெச்சிருக்கிற. என் பேர எப்டிப் போட்டிருக்கிற?

ஷாரோன்: 'அகிலா ஓட்டை.'

அகிலா: பத்தொம்போது வருசம் உனக்குப் பின்னாடி கோலியா நின்னவளுக்கு...

ஷாரோன்: நின்னதாலதான் அந்தப் பேரு.

அகிலா: சரி. அந்தப் பத்தொம்போது வருசத்துல நீ மொத்தம் எத்தினி கோல் போட்ட?

ஷாரோன்: நான் ஸ்டாப்பர். தடுக்கறதுதான் என் வேலை, கோலு போடறது இல்ல.

அகிலா: எத்தினி?

ஷாரோன்: ...ஒண்ணு.

அகிலா: எந்தப் போஸ்ட்ல?

ஷாரோன்: அன்னைக்கு மழை. பந்து வழுக்கிடுச்சி.

அகிலா: எந்தப் போஸ்ட்லன்னு கேட்டேன்.

ஷாரோன்: ...உன் போஸ்ட்ல.

அகிலா: ம். இப்பச் சொல்லு. மெட்ராஸ் டீமு கூப்புடுது. ஹாஸ்டல் தராங்க, காலேஜ்ல சீட்டு தராங்க. அந்தப் பொண்ணோட அப்பா செங்கல் சூளைக்குப் போறாரு. இதுல உனக்கு எங்க வலிக்குது?

ஷாரோன்: அடுத்த மாசம் செமிஃபைனல் இருக்குது.

அகிலா: செமிஃபைனல் வருசா வருசம் வரும். நாம வருசா வருசம் தோப்போம். எங்க வலிக்குதுன்னு கேட்டேன்.

ஷாரோன்: போன வருசம் ஏரி ரொம்பி கிரவுண்டுக்குள்ள வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? ஒரு கோல்போஸ்ட் பாதி தண்ணியில. அந்த முட்டித் தண்ணியில நின்னு என்கிட்ட ஹெட்டிங் கத்துக்கினா அவ. சளி புடிச்சி, மூக்கு ஒழுவிக்கினு. அவள...

அகிலா: நிறுத்து. யாரோ படியேறி வராங்க. குனி.

ஜோதிகா: அகிலாக்கா...

அகிலா: வாம்மா ஜோதிகா. அங்கியே நில்லு, கீழல்லாம் பட்டு கெடக்குது.

ஜோதிகா: கோச்சக்கா இங்க வந்தாங்களாக்கா?

அகிலா: அவளா? அவளுக்கும் தறிக்கும் என்னா சம்பந்தம்.

ஜோதிகா: காலையில தாமலுக்குப் போனேன்க்கா, அவங்க வூட்டுக்கு. அவங்க வூட்டுக்காரரு டேனியல் அண்ணன் என் மூஞ்சியப் பாக்காமலே, திருப்புட்குழிக்குப் போயிருக்குதுன்னாரு. அங்க போனா அவங்க தங்கச்சி, இப்பதான் பஸ் ஏறுச்சின்னாங்க. கேக்காமலே பஸ் நம்பர் வேற சொன்னாங்க.

அகிலா: சாப்டியா?

ஜோதிகா: இல்லக்கா. அக்கா... அந்தத் தறி ஆடுது.

அகிலா: எலி.

ஜோதிகா: பெரிய எலியாக்கா?

அகிலா: பெரிசுதான். வயசாயிடுச்சி. முட்டி மடங்க மாட்டுது.

ஜோதிகா: ஓ... முட்டி ஆபரேசன் ஆன எலியா?

அகிலா: ரெண்டு தடவை.

ஜோதிகா: அதுக்குக் காது கேக்குமாக்கா?

அகிலா: அதெல்லாம் நல்லா கேக்கும்.

ஜோதிகா: அப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்க்கா. வுட மாட்டேன்னா, மாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். நான் கோச்சிக்க மாட்டேன். நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு எப்பவும் போல ஏரிக்கரைக்கு வருவேன். ஆனா இப்டி ஒளிஞ்சா... நான் எதுக்கு அங்க வந்து நிக்கறேன்னு எனக்கே தெரியாமப் பூடும்க்கா.

அகிலா: ...சரிம்மா.

ஜோதிகா: இங்கிருந்து லீக் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவுல இருவது நிமிசம். நாலரை வரைக்கும் தேரடி டீக்கடையில இருக்குறேன். எலிகிட்டச் சொல்லுங்க.

அகிலா: சொல்றேன். மொதல்ல ஒரு பன்னாவது வாங்கித் தின்னு.

ஷாரோன்: ...போயிட்டாளா?

அகிலா: போயிட்டா.

ஷாரோன்: எலியா நானு?

அகிலா: பெருச்சாளின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். கோச்சாச்சேன்னு மரியாதை குடுத்தேன்.

ஷாரோன்: சிரிக்காத. நான் அவளுக்குக் கெடுதல் பண்ணல. அங்க போனா பெஞ்சுல உக்கார வைப்பாங்க. இங்க அவதான் எல்லாம். ஒரே டீம்ல நின்னா என்னா கொறைஞ்சிடும்? நான் நிக்கல? என்ன, நாடா நின்னுடுச்சி?

அகிலா: நூலு மாத்தறேன். நீ பேசு.

ஷாரோன்: போன மாசம் எனக்குச் சால்வை போட்டாங்களே, அன்னைக்கு நம்ம டீம் பிரசிடென்ட்டு ஜெயக்குமார் சார் மைக்குல என்னா சொன்னாரு? வேற டீம் சட்டையக் கையால தொடாதவ இந்த ஷாரோனுன்னு சொன்னாரா இல்லியா?

அகிலா: சொன்னாரு. வேற டீம் பஸ்ஸுல லிஃப்ட்டு குடுத்தாக்கூட நடந்தே வந்துடுவான்னாரு. அவரு வூட்டு ஆளுங்களே கை தட்டினாங்க.

ஷாரோன்: அப்ப நீ இருமின.

அகிலா: தொண்டையில தூசு.

ஷாரோன்: வேணாம் அகிலா. அந்த இருமல் எனக்குத்தான்னு எனக்குத் தெரியும். மைக்குக்கு முன்னாடி வேர்த்துப் போய் நின்னேன். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.

அகிலா: என்னா தெரியும்?

ஷாரோன்: என் வாயாலியே சொல்லணுமா? சரி. பன்னெண்டு வருசம் முன்னாடி, இதே மாதிரி கடைசி நாளு. மெட்ராஸ் டீமு ஒண்ணு என்னைக் கூப்புட்டிச்சி. ரயில்வேயில வேலை வாங்கித் தரேன்னாங்க. ரிலீஸ் பேப்பர்ல பழைய கோச்சுகிட்ட ஏமாத்திக் கையெழுத்து வாங்கினேன், ரேஷன் கார்டு விண்ணப்பம்னு சொல்லி. அவரு கண்ணாடி போட்டுக்கல. அத ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிக்கினு லீக் ஆபீசுக்குப் போனேன். வாசல் கேட்டுகிட்ட உன் டி.வி.எஸ் நிக்குது. பின்னாடி நூல் பை கட்டியிருக்குது. உன் வண்டிதான்னு பாத்ததும் தெரிஞ்சிடுச்சி, சீட்டு கிழிஞ்சி நீயே சேலைத் துணியில தெச்சி வெச்சிருந்தியே, அது. என்னைப் புடிக்க வந்துட்டன்னு நெனச்சேன். வாட்ச்மேன்கிட்ட மணி கேட்டேன், சும்மா. அப்டியே திரும்பி ரயிலடி வரைக்கும் ஓடினேன்.

அகிலா: இத இத்தினி வருசமா...

ஷாரோன்: மறுநாள் ஏரிக்கரையில நீ எனக்குக் கோயில் இட்லி கொண்டாந்து குடுத்த. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் நீ எனக்கு எதுவும் கொண்டாந்ததில்ல. ஒண்ணுமே கேக்கல. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. எவ்ளோ பெரிய மனசு இவளுக்குன்னு அன்னைக்கு அழுதுக்கினே தின்னேன்.

அகிலா: அழுதியா? மொளகு காரம்னு நெனச்சேன்.

ஷாரோன்: அதனாலதான் சொல்றேன். என்னை ஒருத்தி தடுத்தா. நான் இங்கியே இருந்தேன். நல்லாதான் இருந்தேன். இப்ப இவள நான் தடுக்கறேன். இதுல தப்பு என்னா?

அகிலா: நல்லாவா இருந்த?

ஷாரோன்: ...இருந்தேன்.

அகிலா: நெஜமா?

ஷாரோன்: ஒரு வருசம்... திங்கக்கெழமை ஆனா, அந்த மெட்ராஸ் டீமு ஜெயிச்சிச்சா தோத்துச்சான்னு பேப்பர்ல தேடுவேன். தோத்திருந்தா டீக்கடைக்காரருக்கே பன்னு வாங்கிக் குடுப்பேன். ஜெயிச்சிருந்தா அன்னைக்குப் பூரா டேனியல்கிட்ட எரிஞ்சி வுழுவேன். அதுக்கு என்னா பேருன்னு எனக்குத் தெரியல.

அகிலா: போயிருக்கலாம்னு தோணிச்சா?

ஷாரோன்: அதான் இல்ல. போயிருந்தாலும் திரும்பி வந்திருப்பேன்னுதான் தோணும். எனக்கு இந்த ஏரியும் புடிக்கும், இந்தத் தோத்துப் போற டீமும் புடிக்கும். ஆனா... நானா வேணாம்னு சொல்லலியே அகிலா. ஒரு வண்டியப் பாத்து ஓடினேன். அதுக்குச் சால்வை போட்டுட்டாங்க. இப்ப அவ போனா... நான் இருந்தது என்னா ஆவறது? பயந்து ஓடினதாலதான் இவ இருந்துட்டான்னு ஆயிடும்ல.

அகிலா: யாருக்கு ஆயிடும்?

ஷாரோன்: எனக்குத்தான்.

அகிலா: ...ம்.

ஷாரோன்: நான் ஒளிஞ்சா அவளும் நாளைக்கு வருவா. எனக்குத் தெரியும். பத்தொம்போது வருசம் வருவா. கடைசியில இந்தப் பாழாப்போன ஜெயக்குமாரு அவளுக்கும் சால்வை போடுவாரு. அவ மைக்குக்கு முன்னாடி என்னை நெனச்சிக்கினு நிப்பா.

அகிலா: மணி நாலு பத்து.

ஷாரோன்: ...என் கையப் புடிச்சித் தூக்கு. காலு மரத்துப் போச்சி.

அகிலா: பாத்து, பாவு.

ஷாரோன்: பாவு பாவுன்னு... நான் செத்தாக்கூட பாவப் பாத்துட்டுதான் என்னைப் பாப்ப. போனக் குடு. ...ஜோதிகா? எங்க இருக்குற?

ஜோதிகா: வாசல்ல இருக்குறேன்க்கா.

ஷாரோன்: தேரடிக்குப் போறேன்ன?

ஜோதிகா: எலி வெளிய வந்தா கண்ணுல படணுமேன்னு படியிலியே உக்காந்துட்டேன்.

ஷாரோன்: எல்லாத்தையும் கேட்டுக்கினா இருந்த?

ஜோதிகா: நாடா சத்தத்துல பாதி கேக்கலக்கா.

அகிலா: நாடாதான் அப்பவே நின்னு போச்சே.

ஷாரோன்: உள்ள வா. காயிதத்தக் குடு. இங்க எங்க வெச்சி எழுதறது...

அகிலா: பொடவை மேல வெச்ச, தொலைச்சிடுவேன்.

ஷாரோன்: திரும்புடி. உன் முதுகுல வெச்சிப் போடறேன். அசையாத.

ஜோதிகா: நான் அசையலக்கா.

ஷாரோன்: கோணுது பாரு. நடுங்காம நில்லு.

ஜோதிகா: நான் நடுங்கலக்கா.

ஷாரோன்: ...புடி. ஒண்ணு கேட்டுக்க. போவணும்னு இருந்தா போ. ஆபீஸ் வாசல்ல நின்னு வேணாம்னு தோணிச்சின்னா திரும்பி வா. ரெண்டுத்துல எது பண்ணாலும் நீயா பண்ணு. யாரையும் பாத்துப் பண்ணாத.

ஜோதிகா: சரிக்கா. ...அக்கா.

ஷாரோன்: என்னா?

ஜோதிகா: அங்க சட்டையில என்னா நம்பர் வேணும்னு கேட்டாங்க. உங்க நம்பர்தான் சொன்னேன். மூணு.

ஷாரோன்: போடி, போடி. ஆட்டோ போயிடும்.

அகிலா: ...அவ தெருமுனை திரும்பிட்டா. இனிமே அழுவலாம்.

ஷாரோன்: யாரு அழுவறது. குழியில தூசு. உன் வூட்டுக்காரரு கூட்டவே மாட்டாரா?

அகிலா: டீ போடட்டா?

ஷாரோன்: போடு. ...அகிலா, இத்தினி வருசமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் லீக் ஆபீசுக்கு வரப் போறேன்னு டேனியலுக்குக்கூடத் தெரியாது. உனக்கு யாரு சொன்னது?

அகிலா: சக்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா?

ஷாரோன்: பேச்ச மாத்தாத. என்னைப் புடிக்க வந்தியே, யாரு சொன்னது?

அகிலா: யாரும் சொல்லல.

ஷாரோன்: பின்ன அங்க எதுக்கு வந்த?

அகிலா: என் ஜாக்கெட்டுக்குள்ளியும் ஒரு காயிதம் இருந்துச்சிடி, அதே மெட்ராஸ் டீமுக்கு. மாடியில செக்ரட்டரி மேசைக்கு முன்னாடி பேனா மூடியத் தொறந்துட்டேன், கீழ வாட்ச்மேன்கிட்ட நீ மணி கேக்கற சத்தம் கேட்டுச்சி. என்னைப் புடிச்சிக்கினு போவத்தான் வந்துட்டன்னு நேரா கக்கூசுக்குள்ள பூந்து தாப்பாப் போட்டவ, ஆபீஸப் பூட்டறப்பதான் வெளிய வந்தேன்.